படத்துக்கு உட்காருமுன்



தலைமையாசிரியராக இருப்பவர் செய்யும் பணிகளுள் வெளியே அதிகம் தெரியாத பணி ஒன்று உண்டு. விண்ணப்பத் தாளில் ஒட்டியிருக்கும் மாணவரின் புகைப்படத்தின்மீது, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழுமாறு கையொப்பமிட்டுப் பள்ளி முத்திரையைப் பதிப்பதே அந்தப் பணி. "இந்த முகம் இந்த மாணவருடையதே, நான் அறிவேன்" என்று ஒருவர் சான்று கூறுவதற்கு அஃது அடையாளம். 2017-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை இவ்வாறு எத்தனை ஆயிரம் படங்களில் ஒப்பமிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒரே ஒரு படம் மட்டும் இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அது 2015-ஆம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி, ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்பவிருந்தாள். நல்ல கருநிறம், இடக் கன்னத்தில் மிளகளவு மச்சம். அவளுடைய தந்தை விவசாயக் கூலி. மகளைப் படமெடுக்க அழைத்துச் செல்ல அவருக்கு அன்று ஓய்வில்லை. ஆதலால் பள்ளிக்கு அருகிலிருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு நானே தொலைபேசியில் சொல்லியனுப்பினேன். சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். "படம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும், தம்பி" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேன். படம் பளிச்சென்றே வந்தது. கணினியில் முகத்தின் நிறத்தை நான்கு படி வெளுக்கவைத்து, கன்னத்தை வழவழப்பாக்கி, போனால் போகட்டுமென்று மச்சத்தையும் துடைத்துவிட்டிருந்தார்கள். நான் பார்த்தேன், "நன்றாயிருக்கிறதம்மா" என்றேன், ஒப்பமிட்டேன்.

தேர்வு நாளன்று வாயிலில் அவளை நிறுத்திவிட்டார்கள். நுழைவுச் சீட்டிலுள்ள படத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த அலுவலர், ஆள்மாறாட்டமோ என்று ஐயுற்று ஓரமாக நிற்கச் சொன்னார். அவள் கையிலிருந்த மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்னும் இடத்தில் 'இடக் கன்னத்தில் ஒரு மச்சம்' என்றிருந்தது. எழுதியவன் நான். படத்தில் மச்சமில்லை. அதன்மேல் இருந்ததும் என் கையொப்பமே. நல்ல வேளையாக மூத்த அலுவலர் ஒருவர் வந்து, காதின் அமைப்பையும் தாடையையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட்டார். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. கை நடுக்கம் தீர இன்னும் நேரம் ஆகியிருக்கும். மறுநாள் அவள் என்னிடம் கூறியதை நான் மறக்கவில்லை: "அந்தப் படத்தில் இருப்பது நானில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும், ஐயா. நீங்கள் நன்றாயிருக்கிறது என்றீர்கள், அதனால் பேசாமலிருந்துவிட்டேன்."

அதன் பிறகே, படம் எடுத்துக்கொள்வது என்றால் என்ன, அதற்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பவற்றைப் படித்தும், படமெடுப்போரைக் கேட்டும் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றுள் உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இங்குக் கூறுகிறேன். நாளைக்குக் கல்லூரிக்கும் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நீங்கள் பலமுறை அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள் அல்லவா?

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் புகைப்படம் என்கிறோம். இதில் புகை ஏதுமில்லை. நிழற்படம் என்பாரும் ஒளிப்படம் என்பாரும் உளர். ஒளியால் எழுதுவது என்பதே மேலைநாட்டார் அதற்கிட்ட பெயரின் பொருளாதலால், ஒளிப்படம் என்பதே பொருத்தம் என்று நான் வகுப்பில் சொல்லுவேன். சொல்லிவிட்டு நானே புகைப்படம் என்றுதான் எழுதுவேன். பழக்கம் இலக்கணத்தைவிட வலிது.

பிரெஞ்சுக்காரரான டாகேர் என்பவரின் முறை, 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பாரிசில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. அத்தனை நேரம் இமை கொட்டாமல் யார் இருக்க முடியும்? முறை திருந்தி நேரம் குறைந்த பின்னரும், தலை அசையாதிருக்கப் பின்கழுத்தில் ஓர் இரும்புக் கவட்டையை முட்டுக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. பழைய படங்களில் நம் முன்னோர் கடுகடுவென்று இருப்பதற்கு அவர்களுடைய குணம் காரணமன்று. புன்னகையை அவ்வளவு நேரம் தாங்கி நிற்பது எளிதன்று.

நம் ஊர்களிலோ வேறோர் அச்சமும் இருந்தது. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்றார்கள். என் தந்தையின் தாயார் அதை நம்பி, கடைசிவரை காமிராவின் முன் நிற்கவேயில்லை. எண்பது வயதுக்குமேல் வாழ்ந்தார், ஆயுள் குறையவில்லை. ஆனால் அவர் முகம் எப்படியிருந்தது என்று என் பேரப்பிள்ளைகள் கேட்டால், காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. "உன் அத்தையின் நெற்றி, உன் பெரியப்பாவின் மூக்கு" என்று கூட்டிச் சொல்லிப் பார்க்கிறேன்.

நிற்க. என் மாணவியின் படத்தில் நடந்தது என்ன என்பதை இப்போது பார்ப்போம். அந்த ஸ்டூடியோக்காரர் கெட்டவரல்லர். அவர் செய்த பிழைக்கு ஒரு காரணம் உண்டு; அந்தக் காரணம் இயற்பியல் பாடத்தைச் சேர்ந்தது.

காமிராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று உள்ளது. தனக்கு முன்னால் இருப்பது கறுப்பா வெள்ளையா என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் சராசரியாகப் பார்த்து, அந்தச் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக வருமாறு ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பின்புலம் கேட்கிறார்கள். கருவி அந்த வெள்ளைச் சுவரைக் கண்டு, ஒளி மிகுதியாயிருக்கிறது என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. சுவர் சாம்பலாகிறது, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கருத்த முகம், உள்ளதைவிட இன்னும் கறுத்து, கண்ணும் மூக்கும் பிரியாத ஒரு நிழலாகிவிடுகிறது. ஆக, குறை நிறத்தினுடையதன்று. ஒளியை அளந்த கணக்கினுடையது. கணக்குத் தெரிந்தவர் படமெடுக்கும் முன்னரே ஒன்று அல்லது ஒன்றரைப் படி ஒளியைக் கூட்டிவிடுவார். உட்கார்ந்திருப்பவரைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி முன்னே தள்ளி, சுவருக்கு ஒரு விளக்கும் முகத்துக்கு வேறு விளக்கும் வைப்பார். தெரியாதவர் எடுத்தபின் கணினியில் வெளுக்கிறார். வெளுக்கும்போது இழந்துபோன கண்ணும் மூக்கும் திரும்ப வருவதில்லை. நிறம் மட்டும் போகிறது.

கருத்த மேனியின் அழகு அதன் மினுமினுப்பில் உள்ளது. இதை நம் நாட்டார் அறியாதவரல்லர். கருவறையில் எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மூர்த்தியை நினைத்துப் பாருங்கள். அர்ச்சகர் தீபத்தை நேர் எதிரே பிடிக்கும்போது உருவம் தட்டையாகத் தெரிகிறது. அதையே ஒருபுறமாகச் சுழற்றி உயர்த்தும்போது, கன்னத்தின் வளைவிலும் மூக்கின் விளிம்பிலும் ஒளிக்கோடு ஓடி, கல் முகமாகிவிடுகிறது. படமெடுப்போர் செய்ய வேண்டுவதும் அதுவே. காமிராவின் மீதே பொருத்திய விளக்கை மட்டும் நம்பாமல், பக்கவாட்டில் சற்று உயரத்தில் ஒரு பெரிய, மென்மையான ஒளியை வைத்தால் எந்த நிறத்து முகமும் தன் வடிவத்தோடு பதியும்.

மேல்நாட்டுத் தொழிலாளரும் இதில் நெடுங்காலம் தவறியே இருந்தனர். வண்ணப் படங்களை அச்சிடும் நிலையங்களுக்கு அமெரிக்காவின் கோடாக் நிறுவனம், 1950-களிலிருந்து மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் உருவம். அவள் மேனி சரியாக வந்தால் படம் சரி என்பது விதி. கருநிறத்தவரின் முகத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று குறை சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்த முற்பட்டார்கள் என்று, அங்குப் பணிபுரிந்தவர்களே பிற்காலத்தில் தெரிவித்தனர். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசை நாற்காலிக்குக் கிடைத்தது!

இனி, உட்காரப்போகும் உங்கள் பங்குக்கு வருவோம்.

முந்தைய இரவு நன்றாக உறங்குங்கள். கண்ணின் கீழுள்ள கருவளையத்தை எந்த மாவும் மறைக்காது. முடிவெட்டிக்கொள்வதானால் மூன்று நான்கு நாள் முன்னதாகவே வெட்டிக்கொள்ளுங்கள். அன்று காலையே வெட்டினால் கழுத்தோரத்தில் கோடு தெரியும். தலைக்கு எண்ணெய் அளவாக இருக்கட்டும்; நெற்றிக்கு வழிந்தால், விளக்கு அங்கே வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். முகத்தைக் கழுவி ஈரமறத் துடைத்தால் போதும். பவுடரைத் திட்டாகப் பூசுவோர் ஒன்றை அறிய வேண்டும்: அந்த வெண்பொடி விளக்கொளியைத் திருப்பி அடிக்கும் இயல்புடையது, ஆதலால் முகம் ஒரு நிறமும் கழுத்து வேறு நிறமுமாகப் படத்தில் சாம்பல் பூத்து நிற்கும். என் இளமையில் ஸ்டூடியோக் கண்ணாடியின் அருகே ஒரு சீப்பும் பவுடர் டப்பியும், ஆணியில் ஒரு கோட்டும் தொங்கும். வருகிறவர் எல்லாருக்கும் அதே கோட்டு. 1975-இல் பள்ளியிறுதித் தேர்வின்போது நானும் அதைப் போட்டுக்கொண்டேன். என் அளவுக்கு இன்னும் ஒருவர் உள்ளே புகலாம். அந்தப் படம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. பார்ப்பவர்கள் முதலில் கோட்டையும் பிறகு என்னையும் பார்க்கிறார்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் பின்புலமென்றால் வெள்ளைச் சட்டை வேண்டா. தோள் சுவரோடு கலந்துவிடும். மிக நெருக்கமான கோடும் கட்டமும் உள்ள துணி, இக்காலக் காமிராவில் அலையலையாக நெளிந்து தோன்றும். கழுத்துப்பட்டி கசங்காமல் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர், அதன் காதுக்கம்பிகளை ஒரு நூலளவு உயர்த்தினால் கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து, விளக்கின் நிழல் விழாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் விண்ணப்பங்களும் உண்டு. அறிவிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். படத்தின் அளவும் அதில் இருக்கும். அகலம் 3.5 சென்டிமீட்டர், உயரம் 4.5 சென்டிமீட்டர் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. சமய வழக்கப்படி தலையை மூடுவோர், தாடை முதல் நெற்றி வரை முகம் முழுதும் தெரியுமாறு அமைத்துக்கொள்வது நன்று.

தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் உங்களுள் பலர் தம் முகம் அழகில்லை என்று வருந்துவதற்கு இதுவே காரணம். செல்பேசியைக் கையில் பிடித்து நீங்களே எடுத்துக்கொள்ளும் படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். காமிரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால், காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. அருகிலுள்ளது பெரிதாகத் தோன்றும் விதிப்படி, காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 100-க்கு 140 என்னும் அளவில் மிகைப்படுகிறது. காமிராவை 180 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால், காது 192-இல் இருக்கும். மிகை 100-க்கு 107 தான். முகம் அதே முகம், மாறியது தூரம். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணித்து, 12 அங்குலத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அடி ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்றும், 5 அடிக்கு அப்பால் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது என்றும் எழுதினர். நல்ல ஸ்டூடியோவில் காமிரா ஆறடி தள்ளி நிற்பதும், பழைய பிலிம் காமிராவில் முகத்துக்கென்று 85 முதல் 105 மில்லிமீட்டர் லென்ஸைப் போடுவதும் இதனாலேயே. கைநீளத்துப் படத்தைக் கண்டு தம் மூக்கை வெறுப்பவர், அளவுகோலின் பிழையைத் தம் பிழையாகக் கொள்கிறார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. "கண்ணாடியில் நன்றாயிருக்கிறேன், படத்தில் மட்டும் என்னவோபோல் இருக்கிறேன்" என்பார்கள். கண்ணாடி இடத்தை வலமாக்கிக் காட்டுகிறது. எவர் முகமும் இருபுறமும் சரிசமமன்று. பிறந்தது முதல் திரும்பிய முகத்தையே பார்த்துப் பழகியவருக்குத் திரும்பாத முகம் அயலாகத் தெரிகிறது. 1977-இல் அமெரிக்க உளநூலார் சிலர், மாணவியரின் படங்களை இருவிதமாகவும் அச்சிட்டு அவர்களிடமும் அவர்களுடைய தோழியரிடமும் காட்டினர். தம்மை எடுத்த படத்தில் பெரும்பாலோர் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினர். தோழியரோ நேர்ப்படத்தையே விரும்பினர். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் படத்தில் இருப்பதுதான் உங்கள் நண்பர்கள் நாள்தோறும் பார்த்து அன்பு செலுத்தும் முகம்.

வெளிச்சத்துக்கு வடக்குச் சன்னலே சிறந்தது என்று ஐரோப்பிய நூல்கள் கூறும். அங்கே வடக்கில் வெயில் நேரே புகாது. நம் நாட்டுக்கு அதை அப்படியே கொள்ளலாகாது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறான். ஆதலால் வீட்டில் படமெடுப்பதானால் திசையை நூலில் பார்க்க வேண்டா. எந்தச் சன்னலில் வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிறதோ, அதன் பக்கத்தில் உட்காருங்கள். நடுப்பகல் வெட்டவெளி ஆகாது. கண்குழியில் நிழல் விழும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகை நிமிர்த்தி, தோளைத் தளரவிட்டு, தாடையைத் தூக்காமல் தலையைச் சிறிது முன்னே கொண்டுவாருங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், வெளியே விடுங்கள். அடிக்கடி இமைப்பவர், கண்ணை மூடிக்கொண்டு, படமெடுப்பவர் மூன்று எண்ணியதும் திறந்தால் போதும்.

இவ்வளவும் வெளிப்புற ஆயத்தம். கனடா நாட்டுப் படக்கலைஞர் யூசுப் கார்ஷ், 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் சர்ச்சிலைப் படமெடுத்த கதை புகழ் பெற்றது. முந்தைய இரவே விளக்குகளையெல்லாம் அமைத்துக் காத்திருந்தார் கார்ஷ். உரை முடிந்து வந்த சர்ச்சில், படமெடுக்கப் போவதை முன்னதாக எவரும் தமக்குச் சொல்லவில்லை என்று சினந்தார். சில நிமிடங்களே தருவேன் என்றார். வாயிலிருந்த சுருட்டை எடுக்கவும் மறுத்தார். கார்ஷ் அருகே சென்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுருட்டைப் பிடுங்கிவிட்டார். அந்தச் சினத்தோடேயே படம் பதிந்தது. பிரிட்டன் 2016-இல் வெளியிட்ட ஐந்து பவுண்டு நோட்டில் இருப்பது அந்த முகமே. படமெடுப்பவர் ஆயத்தமாயிருந்தார், எடுக்கப்பட்டவர் ஆயத்தமாயில்லை. நாம் சர்ச்சில் அல்லோம். நம்மைத் தேடி எந்தக் கார்ஷும் முதல் நாளே விளக்கு வைத்துக் காத்திருக்கப் போவதில்லை. ஆதலால் என்ன வேண்டும் என்பதை நாமே வாய் திறந்து சொல்லவேண்டும்.

அவ்வாறு தம் முகத்தைத் தாமே ஆண்டவர் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸ். 1895-இல் மறைந்த அவரைப் போல அந்த நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் இலர் என்பர். 160 அளவில் படங்கள் கிடைத்துள்ளன. கருநிறத்தவரின் முகத்தை ஓவியக்காரர் கேலியாகத் திரித்து வரைந்த காலத்தில், காமிரா பொய் சொல்லாது என்று அவர் நம்பினார். ஒவ்வொரு முறையும் நல்ல உடை உடுத்தி, நேராக நோக்கி, பெரும்பாலும் சிரியாமல் உட்கார்ந்தார். எசமானர் விரும்பிய சிரித்த அடிமையாகத் தம்மைக் காட்ட அவர் ஒருப்படவில்லை. இன்றைய கணினிக்கடையில் தம் முகத்தைக் கண்டால் அவர் என்ன நினைப்பார் என்று சிலவேளை எண்ணிக்கொள்வேன்.

என் மாணவி அந்தத் தேர்வில் இடம் பெறவில்லை. இருபது நிமிடம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அவளும் சொன்னதில்லை. பிறகு செவிலியர் படிப்பில் சேர்ந்து தேறினாள். 2021-இல் வேலைக்குப் படம் வேண்டியிருந்தபோது வீட்டுக்கு வந்து, "நீங்களும் வாருங்கள், ஐயா" என்றாள். பேருந்து நிலையத்துக்கு அப்பால் ஒரு முதியவரின் ஸ்டூடியோவுக்குப் போனோம். இம்முறை நான் வாய் திறக்கவில்லை, அவளே பேசினாள். "நிறத்தை மாற்ற வேண்டா. மச்சத்தைத் தொட வேண்டா. வெளிச்சத்தை மட்டும் கூட்டி எடுங்கள்." முதியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், நாற்காலியைச் சுவரைவிட்டு இரண்டு முழம் முன்னே இழுத்துப் போட்டார், இடப்பக்கத்து விளக்கை உயர்த்தி, அதன்முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். மூன்று படம் எடுத்தார். கால்மணி நேரத்தில் அச்சு வந்தது. கத்தரித்த எட்டுப் படங்களை உறையிலிட்டுக் கொடுக்கும்போது ஒன்றை எடுத்து அவள் என் கையில் கொடுத்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் இடக் கன்னத்தைப் பார்த்தேன்.